கடாரத்துக்குக் கடனில் போனேன்

எல்லோருக்கும் வணக்கம்.

நாகர்கோவில் கோட்டாறு சந்தையில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். வயது 44. தீபாவளியை ஒட்டி மலேசியாவின் லங்காவி தீவில் நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் போய் 8 மணி 19 நிமிடத்தில் முடித்துத் திரும்பினேன். கெடு எட்டரை மணி நேரம். ஆக, கையிருப்பு பதினொரு நிமிடம். "ஜெயித்துவிட்டீர்களாமே" என்று சந்தையில் பலர் கை கொடுக்கிறார்கள். ஜெயிக்கவில்லை ஐயா, எனக்குப் பின்னால் வந்தவர்கள் சொற்பம். அந்தப் பதினொரு நிமிடம் யார் யார் கணக்கில் வரவு வந்தது என்று எழுதி வைக்கத்தான் இந்த மடல். தொழில் புத்தி, வேறென்ன.

70.3 என்பது மைல் கணக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் சட்டை மாற்றும் நேரத்துக்கும் கடிகாரம் நிற்காது. இதைப் போல இரண்டு மடங்கு தூரத்தை 1978-ல் ஹவாயில் முதன்முதலாக 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். முடிக்காத அந்த மூன்று பேர் மேல்தான் எனக்குப் பாசம் அதிகம்.

லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம் அதுதான். ராஜேந்திர சோழன் படை திரட்டி அனுப்பினான், நான் கடன் திரட்டிப் போனேன். கடனில் பெரும்பகுதி எங்கள் முதலாளி அண்ணாச்சி கொடுத்த முன்பணம், வட்டி கிடையாது. தீபாவளி வியாபாரத்தின் கணக்கு முடியாத நேரத்தில் ஒன்பது நாள் விடுப்பும் தந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மூன்றையும் ஒரே நாளில்தான் செய்ய வேண்டுமா?" இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உதவி செய்வதாகச் சொல்லி, சட்டையில் தங்கள் பெயரைப் போடும் இடத்தைக்கூட அளந்து காட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் தொலைபேசியை எடுக்காமல் போன நிறுவனமும் ஒன்று உண்டு. அவர்களுக்கும் ஒரு விதத்தில் நன்றி. சட்டை வெறுமையாக இருந்ததால் வெயிலில் சற்று இலகுவாக இருந்தது.

நான் நீந்தக் கற்றது ஊர்க் குளத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு. அது கரை சேர உதவும், நேரத்துக்குள் கரை சேர உதவாது. என்னை எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்தி, தண்ணீருக்குள் மூச்சை விடவும் பக்கவாட்டில் திரும்பி மூச்சை எடுக்கவும் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் அம்மாவுக்கு நன்றி. என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளுக்கும்தான். மூன்றாம் மாதத்தில் அவர்களில் கடைசியாக வருகிறவனைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் கடல் வேறு. கன்னியாகுமரிப் பக்கத்துச் சின்னமுட்டத்தைச் சேர்ந்த ஒரு மூத்த மீனவர், வாரம் ஒரு நாள் விடியற்காலையில் தன் வள்ளத்தில் எனக்குத் துணையாக வந்தார். மண்ணெண்ணெய்க் காசு கூட வாங்க மாட்டார். கச்சான் என்னும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாள்களில் தொலைபேசியில் ஒரே சொல்: "வராதே." முதல் நாள் நான் நீந்தியதைப் பார்த்துவிட்டு, "மக்களே, நீ எங்கே போகிறாய் என்று உனக்காவது தெரியுமா?" என்று கேட்டார். பிறகு கணியம் பார்க்கச் சொல்லித் தந்தார். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலை முகடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் விலகத் தொடங்கினால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், உன்னை இழுக்கிறது என்று பொருள். மீன் கிடைக்கும் இடத்தை மறுநாளும் கண்டுபிடிக்க அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் கணக்கு அது. லங்காவியில் மிதவைகளை மட்டும் நம்பியவர்கள் அலையில் அவை மறைந்தபோதெல்லாம் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மிதவைக்குப் பின்னால் தெரிந்த குன்றின் பிளவைப் பிடித்துக்கொண்டேன். நீச்சலின் கெடு 1 மணி 10 நிமிடம், நான் ஏறியது 1 மணி 2 நிமிடத்தில். அந்த எட்டு நிமிடத்தில் பாதியையாவது அவர் பெயரில் வரவு வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நண்பர்கள் நால்வர். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை அழகுக்காகவா நட்டார்கள்? அந்தக் காற்றில் முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் பாதிப் பாடு குறையும். போட்டியில் அதற்கு இடமில்லை, முன்னால் போகிற சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நால்வரும் என்னை ஒண்டவே விடவில்லை. நான் நெருங்கினால் கூட்டமாக விலகிவிடுவார்கள். அப்போது நான் பேசிய பேச்சுகளை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி, வடசேரி சைக்கிள் கடைக்காரர். என் சைக்கிளை அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்தவர். இடது பெடல் மட்டும் எதிர்ப்பக்கமாகக் கழலும் என்பதை என் உள்ளங்கையில் பேனாவால் அம்புக்குறி போட்டுக் காட்டினார். நான் கேட்காமலேயே ஒரு வேலையும் செய்திருந்தார். பின்பக்க கியரைத் தாங்கும் ஹேங்கர் என்றொரு சிறிய அலுமினியத் துண்டு உண்டு. ஒவ்வொரு சைக்கிள் சட்டத்துக்கும் அதன் வடிவம் வேறு, அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. உபரியாக ஒன்றை வரவழைத்து, காகிதத்தில் சுற்றிச் சட்டத்தோடு ஒட்டி வைத்திருந்தார். மேலே "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுத்து.

திருவனந்தபுரத்தில் ஏறிய நான் லங்காவியில் இறங்கினேன், பெட்டி இறங்கவில்லை. விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம். "நாளை வரும்" என்று இரண்டு நாள் சொன்னார்கள். தங்கும் விடுதியிலிருந்து என்னை அழைத்துப் போக வந்த வேன் ஓட்டுநர் சுங்கைப்பட்டாணித் தமிழர், தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். பார்த்ததும் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டார். பெட்டி போன துக்கத்தில் இருந்தவனிடம் பசி ஆறிற்றா என்கிறாரே என்று விழித்தேன். அங்கே காலை உணவைப் பசியாறுதல் என்பார்களாம். நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிவதை நினைத்து வெட்கமாக இருந்தது. சைக்கிளை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு, பதினொன்றரை மணிக்குப் பெட்டி வந்தது. நான் தூங்கட்டும் என்று அவரே விமான நிலையம் போய் எடுத்து வந்தார். காலையில் திறந்தால் ஹேங்கர் வளைந்திருந்தது. காகிதத்தைப் பிரித்து, அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போட்டியில் 31-ஆவது கிலோமீட்டரில் ஒரு பஞ்சர், கையிலிருந்த ஒரே டியூப்பை மாற்றினேன். 68-இல் மறுபடியும். வெளியாள் யாரும் உதவக் கூடாது, போட்டியாளர் ஒருவருக்கொருவர் கொடுக்கலாம். ஆறேழு பேர் கடந்து போனார்கள், தவறில்லை. பிறகு என்னைவிட மூத்த ஒரு பெண்மணி நின்று, தன் டியூப்பை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, தமிழ் தெரிந்திருக்காது. இந்தப் பத்தியை அவர் படிக்கப் போவதில்லை. அவர் தந்தது நிமிடக் கணக்கில் அடங்காது, அது இல்லையென்றால் கணக்கே இல்லை.

ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரம் ஊறிய வெயில், பாதி நடை. அம்மா உடைத்துப் பொட்டலம் கட்டித் தந்த கருப்பட்டி வேர்வையில் குழைந்து பையோடு ஒட்டிக்கொண்டது, அதை உப்போடு நக்கிக்கொண்டே போனேன். விலை உயர்ந்த சத்து ஜெல் எல்லாம் சைக்கிளில் 50-ஆவது கிலோமீட்டரிலேயே வயிற்றைப் புரட்டிவிட்டிருந்தது. தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் என் தொப்பிக்குள் பனிக்கட்டியைக் கொட்டி, "அண்ணே, இங்கே நிற்காதீர்கள், நின்றால் உட்கார்ந்துவிடுவீர்கள்" என்றாள். உண்மையில் உட்காரத்தான் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே காலை ஏழரைக்குத் தொடங்கியபோது ஊரில் மணி ஐந்து. நான் எங்கே போகிறேன் என்று காட்டும் புள்ளியைக் கைப்பேசியில் பார்த்தபடி என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். 68-ஆவது கிலோமீட்டரில் புள்ளி நகரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறியபோது, "டீ குடிக்க நின்றிருப்பார்" என்று சொன்னாளாம். உள்ளே போய் அழுததை மகள்தான் பிறகு சொன்னாள். பயிற்சியில் போன பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வளைந்த ஹேங்கர் வடசேரிக் கடையில் ஆணியில் தொங்குகிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். அண்ணாச்சிக்குத் தர வேண்டியது வரும் ஆடிக்குள் தீர்ந்துவிடும். பதக்கத்தைச் சின்னமுட்டத்துக்கு எடுத்துப் போனேன். பெரியவர் கையில் வாங்கி, மீனை நிறுத்துப் பார்ப்பது போல எடை பார்த்தார். "கால் கிலோ கூட இராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார்.

இப்படிக்கு,
கோட்டாறு கணக்குப்பிள்ளை