கதைப் புத்தகங்கள் மேடைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கலைத் திருவிழா பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பிள்ளைகளை வைத்து நாடகமும் போடுகிறேன். அந்த உரிமையில், பிள்ளைகளின் கதைப் புத்தகங்களை நாடகமாக்குவது பற்றி ஒரு கோரிக்கையை எழுதுகிறேன்.

2022-இல் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து, மேடை ஏறியே அறியாத கிராமத்துப் பிள்ளைகள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போய் வருகிறார்கள். பெரிய விஷயம் அது. ஆனால் நாடகம் என்று வந்தால் நெகிழி ஒழிப்பு, மரம் நடுதல், கைப்பேசியின் தீமை என்று திரும்பத் திரும்ப அதற்குள்ளேயே சுற்றி வருகிறோம். வசனம் எழுதுவது ஆசிரியர், ஒப்பிப்பது பிள்ளைகள், முடிவில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி. இன்னொரு பக்கம், 2023-இல் வாசிப்பு இயக்கம் மூலமாக வாசிக்கும் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று வகை பிரித்து அருமையான சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிற கதைகளையே ஏன் நாடகமாக்கக் கூடாது?

சரி, எப்படி ஆக்குவது? பல இடங்களில் ஒரு பிள்ளை மைக்கில் புத்தகத்தை வாசிக்க, மற்றவர்கள் அதற்கேற்பக் கையைக் காலை ஆட்டுகிறார்கள். அது நாடகமே இல்லை. புத்தகத்தில் வாக்கியம் செய்கிற வேலையை மேடையில் உடம்பு செய்ய வேண்டும். எங்கள் வகுப்பு நூலகத்திலிருந்த ஒரு கதையில், காணாமல் போன ஆட்டுக்குட்டியைப் பாட்டி தேடிப் போகிறாள். 'பாட்டிக்குக் கவலையாக இருந்தது' என்று ஒரு வரி. பாட்டியாக நடித்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் அந்த வரியைச் சொல்லாமலே நடி என்றேன். அவள் ஆடு கட்டுகிற கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவள் வீட்டில் ஆடு இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வரியை அன்றைக்கே பிரதியிலிருந்து எடுத்துவிட்டோம்.

கதை சொல்லி இல்லாமல் முடியாது என்கிற இடங்களும் உண்டு. அதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் கூத்துப் பார்க்காத பிள்ளை கிடையாது. திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற வேஷத்தை, கூத்தை நடத்திச் செல்கிற கட்டியங்காரன், நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே பாத்திரம் தன் கதையைச் சொல்லிவிடும். எங்கள் பள்ளியில் ஒரு பையனின் தாத்தா கட்டியங்காரன் வேஷம் கட்டுபவர். அவர் ஒரு சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தார். மைக்கில் வாசித்திருக்க வேண்டிய ஒரு பக்கம், புடவையைத் திரையாகப் பிடித்த இரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் சுவாரசியமான கேள்வி பதிலாக மாறியது. ஆட்டுக்குட்டியின் மணிச்சத்தம் திரைக்குப் பின்னால் கேட்டதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று, "பாட்டி, அங்க இருக்கு!" என்று கத்தினார்கள்.

வட்டாரப் போட்டியில் இந்த நாடகம் முடிந்ததும் நடுவர் ஒருவர், "இதில் என்ன கருத்து சொல்ல வருகிறீர்கள்?" என்று பிள்ளைகளிடமே கேட்டார். அவர்கள் விழித்தார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஒரு பாட்டியின் தவிப்பை ஏழாம் வகுப்புப் பிள்ளை உணர்ந்து நடிப்பது போதாதா?

பெரிய கதைகளையும் தாராளமாக எடுக்கலாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. மரப்பாச்சி பொம்மை பேசுகிற கதை. கையில் அடங்குகிற பொம்மை கடைசி வரிசைக்குத் தெரியுமா, குரலை யார் கொடுப்பது என்று பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ள எவ்வளவு இருக்கிறது அதில்! இங்கிலாந்தில் மைக்கேல் மோர்பர்கோவின் போர்க்குதிரை நாவலை நேஷனல் தியேட்டர் 2007-இல் மேடையேற்றியது. நாவலில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. மேடையில் அது ஒரு வார்த்தை பேசாது. தென்னாப்பிரிக்க பொம்மலாட்டக் குழு ஒன்று பிரம்பில் செய்த குதிரையை மூன்று பேர் எல்லோருக்கும் தெரியவே இயக்குவார்கள். காது திரும்பும், மூச்சு விடும்போது உடம்பு ஏறி இறங்கும். அவ்வளவுதான், பார்ப்பவர்களுக்கு அது குதிரை. தோல்பாவையும் பொம்மலாட்டமும் உள்ள நம் ஊரில் இது முடியாத காரியமா?

1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற நாடகக் குழுவில் நடித்தவர்கள் சிறுவர்கள்தான். புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஆனால் அன்று அவர்கள் நடித்தது பெரியவர்கள் பார்ப்பதற்கான கதைகளை. குழந்தைகளுக்கென்றே நாடகம் போடுவதைப் புதுச்சேரி வேலு சரவணன் தம் 'ஆழி' குழுவோடு பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார். இப்படிப்பட்டவர்களை ஆசிரியர் பயிற்சிக்கு அழைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பதிப்புரிமை பற்றிச் சக ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி பள்ளிக்குள் நடிப்பதற்குத் தடையில்லை. வெளி மேடைக்குப் போனால் எழுத்தாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். எங்கே நடித்தாலும் அவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும். நாடக அறிவிப்பில் எழுதியவர் பெயரே வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: வரும் கலைத் திருவிழாவில் 'கதைப் புத்தகத்திலிருந்து நாடகம்' என்று ஒரு தனிப் பிரிவு வையுங்கள். மதிப்பெண் தாளில் கருத்துக்கு என்று இடம் ஒதுக்காமல், கதையை எப்படி மேடைக்கு மாற்றினார்கள் என்பதற்கு இடம் ஒதுக்குங்கள். பிரதி எழுதுவதில் மாணவர்கள் பங்கு கட்டாயம் என்று விதிமுறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்.