புதன் செத்த பாறை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் புதன் கோளைச் ‘செத்த பாறை’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். அக்கோளின் மேற்பரப்பே அதை மறுக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

புதனின் ஆரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை இரும்பு மிகுந்த உட்கருவே நிரப்பியிருக்கிறது. உட்புறம் குளிரக் குளிர அதன் கன அளவு குறைகிறது. ஆனால் மேலோடு, பூமியில் உள்ளதைப் போலப் பல தட்டுகளாகப் பிரிந்திராமல் ஒரே ஓடாக இருப்பதால், அந்தச் சுருக்கத்தைத் தாங்க வழியின்றி நெரிந்து உடைந்து, ஒரு பகுதி மற்றொன்றின் மேல் ஏறிவிடுகிறது. இவ்வாறு எழுந்த செங்குத்தான சரிவுகளில் சில, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரமும் கொண்டவை. பழைய விண்கல் பள்ளங்களையே ஊடறுத்துச் செல்பவை.

1974–75இல் மரைனர் 10 விண்கலம் புதனின் பாதிக்கும் குறைவான பரப்பையே படமெடுத்ததால், ஆரம் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையே குறைந்திருக்கும் என்று அப்போது கணித்தார்கள். 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் முழுப் பரப்பையும் காட்டிய பிறகு, 2014இல் வெளியான ஆய்வு அதை 7 கிலோமீட்டர் வரை உயர்த்தியது. அதைவிட முக்கியமானது, மெசஞ்சர் தன் இறுதி மாதங்களில் தாழப் பறந்து கண்ட, சில பத்து மீட்டர் உயரமே உள்ள சிறு சரிவுகள். தொடர்ந்து விழும் விண்கற்கள் இத்தகையவற்றை விரைவில் அழித்துவிடும் என்பதால், இவை புவியியல் கணக்கில் அண்மையில் தோன்றியவையாகவே இருக்க வேண்டும். அதாவது, சுருக்கம் இன்னும் ஓயவில்லை.

புதனை ஆராய 2018இல் ஏவப்பட்ட பெபிகொலம்போ விண்கலத்தைப் பற்றி எழுதும்போதாவது இச்செய்தியைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்