தோற்றால் மட்டும் மக்கள் தீர்ப்பா?

மொரீசியஸ் கட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். தேர்தலில் தோற்ற அன்று "இது மக்கள் தீர்ப்பு" என்கிறீர்கள். கேட்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கை எடுத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பில் பாதியை எழுதியது நீங்கள்.

2019இல் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்ட கூட்டணிக்கு நூற்றுக்கு நாற்பது பேர்கூட ஓட்டுப் போடவில்லை. எதிர்ப்பக்கத்தில் தொழிற்கட்சி அணி ஒரு பக்கம், எம்.எம்.எம். என்ற மொரீசியப் போராளி இயக்கம் இன்னொரு பக்கம் எனத் தனித்தனியாக நின்றார்கள். அந்த இரண்டுக்கும் விழுந்த ஓட்டைக் கூட்டினால் பாதிக்கு மேல். 2024 நவம்பரில் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும் கைகோத்தன, தீவின் 60 இடங்களையும் அள்ளின. மக்கள் மனமும் மாறியது, மறுக்கவில்லை. ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள் வெளியானதிலும், அப்போதைய அரசு சமூக ஊடகத்தை முடக்கப் பார்த்ததிலும் நாங்கள் கொதித்துப் போயிருந்தோம். ஆனாலும் தோற்ற அணிக்கு நாலில் ஒருவருக்கு மேல் ஓட்டுப் போட்டிருக்க, நேரடியாக ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லையே. அதை நாங்களா தீர்மானித்தோம்?

1982இலும் 1995இலும் இதே 60-0தான். 1982இல் வந்த அரசு ஒன்பதே மாதத்தில் உடைந்தது. அடுத்த ஆகஸ்டிலேயே மறுபடி வாக்குச்சாவடி வாசலில் நின்றோம். 1995 கூட்டணி 1997 வரைதான் தாங்கியது. உடைக்கும்போது எங்களை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு 18ஆம் நம்பர் தொகுதியில். போன தேர்தலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் பெரியம்மா துண்டுப் பிரசுரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். இவருக்கு மட்டும் போட்டால் போதாதா?" போதாது. இங்கே ஒரு தொகுதிக்கு மூன்று இடங்கள்; அதனால் மூன்று பேருக்குப் போட்டே ஆக வேண்டும், குறைந்தால் செல்லாத ஓட்டு. மற்ற இருவரும் யார் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் சின்னத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த இரண்டு ஓட்டும் அவருடையதா, உங்களுடையதா?

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. காவடி சமயத்தில் நீங்கள் கோயிலுக்கு வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடுவது நாங்கள்தான். வேட்பாளர் பட்டியல் வந்ததும் "நம்மவர்களுக்கு எத்தனை டிக்கெட்?" என்று முதலில் எண்ணுவதும் நாங்கள்தான். நானும் எண்ணியிருக்கிறேன்; இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆள் தொகுதிக்கு என்ன செய்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

சரி, எங்கள் பங்கை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். நீங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் டிக்கெட் ஏன் கொடுத்தீர்கள் என்று, சமூகக் கணக்கைத் தவிர வேறு காரணத்தை எழுதி வெளியிடுங்கள். கூட்டணி ஒப்பந்தத்தை ஓட்டுக்கு முன்பே முழுசாகக் காட்டுங்கள். கூட்டணி உடைந்தால் யார் பதவியை விடுவார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அப்புறம் அந்த மூன்று ஓட்டுச் சட்டம். அதை மாற்ற எங்களால் முடியாது, உங்களால் முடியும். ஒன்றோ இரண்டோ போட்டாலும் செல்லும் என்று ஆக்குங்கள்.

பெரியம்மாவுக்கு 81 வயது. தெரிந்த ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரும்படி ஒரு தேர்தலையாவது அவர் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
18ஆம் நம்பர் தொகுதி வாக்காளர் ஒருவர்