2016க்கும் 2019க்கும் இடையில் ஓய்வுபெற்றவர்கள் சார்பில் பொது நிருவாக அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

உயிர்வாழ் சான்றிதழைக் கொடுப்பதற்காகக் கடந்த வாரம் ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அந்த வேலை முடிந்ததும், என் ஓய்வூதியத் திருத்தத்தில் மிச்சம் எப்போது வந்து சேரும் என்று அங்கிருந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் எல்லாம் வந்துவிடும்தானே அம்மா, ஏன் அவசரப்படுறீங்கள்?" என்றார். சின்னப் பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார், அவரில் எனக்குக் குறையில்லை. ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் கை நடுங்கியது. எனக்கு இந்த வருடம் எழுபது வயது. நான் அவசரப்படாமல் வேறு யார் அவசரப்படுவது, ஐயா?

விடயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். பொது நிருவாகச் சுற்றறிக்கை 03/2016இன்படி புதிய சம்பளம் 2016 தொடக்கம் 2020 வரை கட்டம் கட்டமாக வந்தது. அது முழுமை பெறுவதற்குள் எங்களுக்கு அறுபது வயது வந்து ஓய்வுபெற்றுவிட்டோம். அதனால் முழுச் சம்பளத்தோடு ஓய்வுபெற்றவர்களைவிட எங்கள் ஓய்வூதியம் குறைந்துபோனது. 2020 ஜனவரியில் எங்கள் ஓய்வூதியமும் முழுச் சம்பளத்துக்கு ஏற்பத் திருத்தப்படும் என்று காத்திருந்தோம். அந்த ஜனவரியிலேயே அதை நிறுத்தினார்கள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு, 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், 2020க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதிய முரண்பாட்டை 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் தீர்ப்பதாக அறிவித்தீர்கள். முதற் கட்டப் பணம் என் கணக்குக்கு வந்தது. அதற்கு மனமார நன்றி சொல்கிறேன். அதற்கு முன்பு எத்தனை மனுக்கள் எழுதினோம், ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

மிச்சத்தை மேலும் தவணை போடாமல் இந்த வருடத்துக்குள்ளேயே தாருங்கள். 2020 ஜனவரியிலிருந்து எங்களுக்குச் சேர வேண்டிய நிலுவையையும் தாருங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

அந்த வித்தியாசம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த தோழி ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். ஒரே சேவை, ஒரே தரம். நான் 2016இல் ஓய்வுபெற்றேன், அவர் 2020இல். அவர் கூடுதலாக உழைத்த நான்கு வருடத்தின் சம்பள ஏற்றம் அவருடைய உரிமை, அதில் எனக்குக் கேள்வியில்லை. மற்ற வித்தியாசம் முழுவதும், நான் அவருக்கு நான்கு வருடம் முந்திப் பிறந்ததால் வந்தது.

முன்பெல்லாம் மாதம் பத்தாம் திகதி இருவரும் சேர்ந்துதான் வங்கிக்குப் போவோம். பிறகு காலி வீதியில் இருக்கும் மருந்துக் கடைக்கு. இருவருக்கும் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது, குளிசைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் முப்பது நாளுக்கு வாங்குவார். நான் பதினைந்து நாளுக்கு வாங்குவேன். கடையில் நிற்கும் பையனுக்கு இது பழகிவிட்டது, நான் சொல்லாமலே என் குளிசை அட்டைகளைப் பாதியாக வெட்டிவிடுவான். அரசாங்க கிளினிக்கில் இருக்கும் மருந்தை அங்கே எடுக்கிறேன், அங்கே இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருகிறார்கள். மாதக் கடைசியில் சில நாள் ஒருவேளைக் குளிசையை விட்டுவிடுவதும் உண்டு. இது மருத்துவருக்குத் தெரியாது. ஒருநாள் தோழி தன் பணப்பையைத் திறந்து, "மிச்சம் பதினைந்து நாளுக்கும் நான் கொடுக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த மாதத்திலிருந்து நான் பத்தாம் திகதி போகாமல் பன்னிரண்டாம் திகதி தனியாகப் போகிறேன். முப்பத்து மூன்று வருடம் சோக்கட்டி பிடித்தவள் நான். தோழியிடம் மருந்துக்குக் கைநீட்டும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது எந்தச் சுற்றறிக்கை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நாடே அதைப் பற்றிப் பேசியது. 2024 ஜூனில் கொழும்புக் கோட்டையில் அவர்கள்மீது கண்ணீர்ப் புகை அடித்தார்கள், அதையும் நாடு பார்த்தது. நாங்கள் எதை நிறுத்துவது? எங்களிடம் நிறுத்த ஒன்றுமில்லை. எங்களுக்கு மிஞ்சியிருப்பது நாட்கள்தான், ஒவ்வொரு தவணையும் அதில் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

வேலைநிறுத்தத்தின் விலை எனக்குத் தெரியாததல்ல. 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் நாற்பதாயிரம் பேரளவில் வேலை இழந்தார்கள். என் தகப்பனும் அவர்களில் ஒருவர், எழுதுவினைஞராக இருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அரசாங்கத்தை நம்புவதா வேண்டாமா என்று பேச்சு வந்தால் அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா. அப்படியிருந்தும் நான் அரசாங்க வேலைக்குத்தான் வந்தேன். கடைசியில் பென்சன் இருக்கிறது, யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை என்ற ஒரே நம்பிக்கையில் வந்தேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. அந்த வருடத்தில்தான் முதியோரின் நிலையான வைப்புக்குக் கொடுத்த 15 வீத வட்டியும் நின்றது. பணிக்கொடையை வைப்பில் போட்டுவிட்டு அந்த வட்டியில் வீட்டு வாடகை கட்டியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். நாடு விழுந்தபோது நாங்களும் சேர்ந்துதான் தாங்கினோம். ஆனால் எங்கள் திருத்தம் நின்றது 2020 ஜனவரியில். அதற்கு நெருக்கடியைக் காரணம் காட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருத்தம் பற்றி எனக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசித்துக் கேட்டேன். என் ஓய்வூதியம் எவ்வளவு என்பது இப்போது மாடி முழுவதற்கும் தெரியும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. தமிழ் மொழிமூலப் பாடசாலையில் வாழ்நாளெல்லாம் படிப்பித்தவளுக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதக்கூட இந்த அரசில் ஆளில்லையா?

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. மிச்சமுள்ள திருத்தத்தை இந்த வருடத்துக்குள் முடித்துத் தாருங்கள், 2020 ஜனவரியிலிருந்தான நிலுவைக்கு ஒரு திகதி குறித்துத் தாருங்கள். நிலுவையை ஒரேயடியாகக் கொடுக்க இயலாதென்றால், வயதில் மூத்தவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் முதலில் கொடுங்கள். எங்களைப் போல் நடமாடக்கூடியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறோம்.

பதிலைத் தமிழில் அனுப்பும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06