16 பக்கம் விடுபட்ட விமானப் புத்தகம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அரக்கோணம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். சோவியத் காலத்தில் ஒலியைவிட வேகமாகப் பறந்த குண்டுவீச்சு விமானங்கள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நீங்கள் இந்தியப் பதிப்பாக அச்சிட்டு விற்கிறீர்கள். அதை ரூ.4,850 கட்டி வாங்கினேன். முதலில் வந்த பிரதியில் 16 பக்கங்கள் இல்லை. மாற்றி அனுப்பிய பிரதியிலும் அதே 16 பக்கங்கள் இல்லை. இருக்கிற பக்கங்களிலும் பெரிய தவறுகள் இருக்கின்றன. இரண்டு முறை போன் செய்து, மூன்று மின்னஞ்சல் அனுப்பியும், "உள்ளடக்கம் தொடர்பான குறைகளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்ற பதில்தான் வந்தது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

இந்தப் புத்தகத்தை ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கடற்படையில் விமான மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரக்கோணம் ராஜாளி தளத்தில் டியூ-142 என்ற கடல் கண்காணிப்பு விமானங்களில் கை வைத்து வேலை செய்திருக்கிறேன். 2017 மார்ச் 29 அன்று அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். அது புரொப்பெல்லர் விமானம், உங்கள் புத்தகத்தில் அதற்கு இடமில்லை, அது சரிதான். ஆனால் அதை வடிவமைத்த சோவியத்தின் டுபோலெவ் நிலையமே வடிவமைத்த ஜெட் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. ஓய்வுக்கு அப்புறம் பிளைவுட்டில் விமான மாதிரிகள் செய்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து வருகிறேன். அதற்கு அளவுப் படங்கள் வேண்டும். உங்கள் அட்டையில் "முழுமையான ரெஃபரன்ஸ்" என்று போட்டிருந்ததை நம்பித்தான் பென்ஷனிலிருந்து பணம் எடுத்துக் கட்டினேன்.

முதலில் பைண்டிங். 113 முதல் 128 வரை உள்ள பக்கங்கள் இரண்டு முறை வருகின்றன. அதன் பிறகு நேராக 145. அதாவது எட்டாவது ஃபாரத்தை (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் 16 பக்கக் கட்டு) இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, ஒன்பதாவது ஃபாரத்தை விட்டுவிட்டார்கள். ஒரு பிரதியில் இப்படி நடந்தால் கை தவறியது என்று விட்டுவிடலாம். மாற்றி அனுப்பிய பிரதியும் அச்சு அசலாக இப்படியே இருக்கிறது என்றால், அந்த லாட் முழுக்கவே இப்படி இருக்க வாய்ப்பிருக்கிறது. இதை இரண்டாவது மின்னஞ்சலிலேயே தெரிவித்தேன். அச்சகத்தில் விசாரித்தீர்களா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

விடுபட்ட அந்த 16 பக்கங்கள்தான் சுகோய் டி-4 என்ற சோதனை விமானம் பற்றிய அத்தியாயம். நான் முதலில் புரட்டத் தேடியதே அதைத்தான். டைட்டானியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுமாகக் கட்டி, மணிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தைக் குறிவைத்த விமானம் அது. 1972 ஆகஸ்ட் 22 அன்று விளாதிமிர் இல்யூஷின் அதை முதலில் ஓட்டினார். மூக்கை மேலே தூக்கிவிட்டால் விமானிக்கு முன்பக்கம் தெரியாது, பெரிஸ்கோப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பத்தே முறை பறந்ததோடு திட்டம் நின்றுபோய், இன்று மாஸ்கோவுக்குப் பக்கத்தில் மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவ்வளவும் வேறு இடங்களில் படித்தது. அதன் மின்சார அமைப்பு, உள் அமைப்புப் படம் எல்லாம் உங்கள் புத்தகத்தில் உண்டு என்று பொருளடக்கம் சொல்கிறது. பக்கம்தான் இல்லை.

அடுத்து, உங்கள் நிறுவனம் "உள்ளடக்கம்" என்று ஒதுக்கிவைத்த விஷயம். புத்தகத்தின் கடைசியில் உள்ள தகவல் அட்டவணையில் டியூ-22க்கு நேராக, தயாரித்த எண்ணிக்கை 808 என்று இருக்கிறது. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று யோசித்தேன். டியூ-22 கட்டியது 311. டியூ-22எம் கட்டியது 497. இரண்டையும் கூட்டினால் 808. இரண்டு வேறு விமானங்களை ஒன்றாக்கி ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள்.

பெயரில் 22 இருப்பதால் குழப்பம் வரும் என்பது எனக்குத் தெரியும். புதிய டியூ-22எம்மைப் பழைய விமானத்தின் மேம்பாடு என்று சொன்னால் மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது எளிது, அதனால்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மேற்கு நாடுகளில் கொஞ்ச காலம் அதை டியூ-26 என்று தவறாகவே அழைத்தார்கள். செய்தித்தாளில் அவசரத்தில் இப்படித் தவறு வந்தால் மன்னிக்கலாம். இந்தப் பிரித்தறிதலுக்காகவே வாங்குகிற புத்தகத்தில் வரலாமா? 1958ல் முதலில் பறந்த டியூ-22க்கு இரண்டு என்ஜின்களும் வால் பக்கத்தில், செங்குத்து வாலின் இரு புறமும், முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும். இறக்கை அசையாதது. ஆட்கள் மூன்று பேர். 1969 ஆகஸ்ட் 30 அன்று முதலில் பறந்த டியூ-22எம்முக்கு என்ஜின்கள் உடலுக்குள்ளே இருக்கும், காற்று வாய் பக்கவாட்டில் இருக்கும், இறக்கையின் வெளிப்பகுதி பறக்கும்போதே பின்னால் சாயும், ஆட்கள் நான்கு பேர். பள்ளிப் பிள்ளையிடம் இரண்டு படத்தையும் காட்டினால் வேறு வேறு என்று சொல்லிவிடும்.

இந்தக் குழப்பம் அட்டவணையோடும் நிற்கவில்லை. 1986 பிப்ரவரி 17 அன்று சாட் நாட்டின் இஞ்சமேனா விமான நிலையத்தின் மேல் லிபியாவின் குண்டுவீச்சு விமானம் குண்டு போட்டது. அது பழைய டியூ-22. உங்கள் புத்தகம் டியூ-22எம் என்கிறது. லிபியாவும் ஈராக்கும் வாங்கியது பழைய டியூ-22 மட்டும்தான். டியூ-22எம்மை சோவியத் ஒன்றியம் எந்த நாட்டுக்கும் விற்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1979ல் வியன்னாவில் கார்ட்டரும் பிரெஷ்னேவும் கையெழுத்திட்ட அணு ஆயுதக் கட்டுப்பாட்டு (சால்ட்-2) ஒப்பந்தப் பேச்சில் பெரிய இழுபறிகளில் ஒன்றே இந்த டியூ-22எம்தான். அது அமெரிக்கா வரை போகுமா, போகாதா என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு 30க்கு மேல் கட்டமாட்டோம் என்று சோவியத் தரப்பு தனியாக உறுதி கொடுத்தது. வானில் எரிபொருள் நிரப்பும் குழாயையும் அதன் மூக்கிலிருந்து எடுத்தார்கள். எது எந்த விமானம் என்பதில் அவ்வளவு அடங்கியிருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது 61ஆம் பக்கம். டியூ-22ல் ஆபத்து வந்தால் விமானிகள் "இருக்கையோடு மேல்நோக்கி வெளியேறுவார்கள்" என்று அதில் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. அந்த விமானத்தில் இருக்கைகள் கீழ்நோக்கித்தான் வெளியே தள்ளும். உயரத்தில் இருந்தால் பிழைக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும், தரைக்குப் பக்கத்தில் இருக்கையில், அந்த இருக்கையால் பயனில்லை. ஏற்கெனவே தரையிறங்கும் வேகம் அதிகமான, ஓட்டக் கடினமான விமானம். விமானத் தளத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது வெறும் தொழில்நுட்ப விவரம் இல்லை என்று புரியும். நான் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எம்-50 என்ற சோதனைக் குண்டுவீச்சு விமானம் "படையில் சேர்க்கப்பட்டது" என்பதும் தவறு. அதற்கென்று திட்டமிட்ட என்ஜின் தயாராகாததால் அது ஒலி வேகத்தைத் தாண்டவே இல்லை. 1961 ஜூலையில் மாஸ்கோவின் துஷினோ விமான விழாவில் கூட்டத்தின் மேல் பறந்து காட்டியதோடு சரி. 88ஆம் பக்கத்துப் படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. சிவப்பு நட்சத்திரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான், மூக்கில் உள்ள எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். டியூ-160 அத்தியாயத்தின் எழுத்து அருமை. 1981 டிசம்பர் 18 அன்று முதலில் பறந்தது, 1987ல் உக்ரைனின் பிரிலூக்கி தளத்துக்கு வந்தது, சோவியத் ஒன்றியம் உடைந்தபோது 19 விமானங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டது, அதில் எட்டு மட்டும் எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவுக்குத் திரும்பியது, மீதியில் பொல்தாவா அருங்காட்சியகத்துக்குப் போன ஒன்றைத் தவிர வெட்டப்பட்டது எல்லாம் சரியாக, மனதில் நிற்கும்படி இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் எழுதியது.

ஆனால் அதே அத்தியாயத்தின் அளவுப் படம் என் வேலையைக் கெடுத்தது. படத்தின் கீழே 1:200 என்று இருக்கிறது. கார்பன் தாள் வைத்து பிளைவுட்டில் படி எடுத்து, அறுத்தும் முடித்தேன். முன்பே செய்து வைத்திருந்த டியூ-22எம்3 (டியூ-22எம்மின் ஒரு வகை) மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். டியூ-160ன் நீளம் 54.1 மீட்டர். 1:200 என்றால் படத்தில் 270 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். இருப்பது 246. எம்3 படத்தை அளந்தால் 212, அது சரியான அளவு. ஆக, பெரிய விமானத்தைப் பக்கத்துக்குள் அடக்க 91 சதவீதமாகச் சுருக்கிவிட்டு, கீழே உள்ள 1:200ஐ மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். உண்மையில் அது 1:220. இரண்டு வாரம் செய்த வேலை வீணாகிவிட்டது. பிளைவுட் போனது போகட்டும். அந்த இரண்டு விமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தால், தவறான அளவைச் சொல்லிக் கொடுத்தவன் நானாகியிருப்பேன்.

போனில் பேசிய உங்கள் ஊழியர்கள் மரியாதையாகவே பேசினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. புத்தகம் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். 300 பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகத்தை ஏழு நாளில் யார் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பார்கள்? பக்கம் விடுபட்டதை நான் ஐந்தாவது நாளே நான்கு புகைப்படத்துடன் அனுப்பினேன். அந்தத் தேதி உங்கள் பதிவிலும் இருக்கும்.

நான் கேட்பது இதுதான். முழுத் தொகை ரூ.4,850ஐ என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு பிரதிகளையும் உங்கள் செலவில் கூரியர் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை வாங்கியவர்களுக்கு ஒன்பதாவது ஃபாரம் விடுபட்டிருக்கலாம் என்று தெரிவியுங்கள். அட்டவணை, 61ஆம் பக்கம், லிபியா பற்றிய வரி, எம்-50, டியூ-160 அளவுப் படம் ஆகியவற்றுக்கு ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சிட்டு, கையிருப்பில் உள்ள பிரதிகளில் வையுங்கள். அதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் பணம் வாங்காமல் செய்து தருகிறேன். திருத்தி, முழுப் பக்கங்களோடு மறுபதிப்பு வந்தால் நானே மறுபடியும் காசு கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில் நகல், இரண்டு பிரதிகளின் 128, 145ஆம் பக்கப் புகைப்படங்கள், ஸ்கேல் வைத்து அளந்த படம், நமக்குள் நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
அரக்கோணம்