அது ஊருக்குள் புகுந்த புலி இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இலங்கை மலையகத்தில் சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டினால், 'ஊருக்குள் புகுந்த புலி' என்றே செய்தி வருகிறது (எங்கள் பக்கம் சிறுத்தையைத்தான் புலி என்பார்கள்). அது எங்கேயும் புகவில்லை ஐயா. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் கட்டுவதற்கு முன்னிருந்தே சிறுத்தை போய்வருகிற வழி அது.

என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். எங்கள் மலையில் ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு இருந்தது. மழை விட்ட மறுநாள் காலையில் கானுக் (வடிகால்) கரை ஈரமண்ணில் சிறுத்தைத் தடம் கிடக்கும். நாலு விரல் பதிந்திருக்கும், நகம் பதிந்திருக்காது, நாய் என்றால் நகமும் விழும் என்று அம்மா குனிந்து காட்டித் தந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தடம் எப்போதும் ஓடைப் பக்கம்தான் இருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடக்கும் மலை நடுவில் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆய்வாளர்கள் கணினியில் போடுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். தானியங்கிக் கேமராவில் விழுந்த சிறுத்தைகளை உடம்புப் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு (ஒன்றின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இருக்காது), அந்த இடத்தில் காடு எவ்வளவு, சரிவு எப்படி, ரோடு எவ்வளவு தூரம் என்று செய்மதிப் படத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்புறம் கேமரா கட்டாத இடங்களிலும் அது எங்கே தங்கும், எந்த வழியாகக் கடக்கும் என்று வரைபடமாகவே எடுத்துவிடலாம். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமை ஆயின, சரி. ஆனால் நக்கிள்ஸுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் கிடப்பது தேயிலையும் மரக்கறித் தோட்டமும் டவுனும்தானே. அங்கே மிஞ்சியிருக்கிற ஓடைக்காடும் மானாப்புல்லும் போனால் சிறுத்தை எதன் வழியாக நடக்கும்?

நல்லதண்ணியில் 2020 மே மாதம் கழுத்தில் சுருக்கு இறுகி, சில நாளில் செத்துப்போன கருஞ்சிறுத்தையை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. சுருக்கு வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்குத்தான். மரவள்ளியை ஒரே ராத்திரியில் கிண்டிப்போட்டால் வயிறு எரியத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்பிக்குப் பன்றியும் தெரியாது, புலியும் தெரியாது. உலகத்தில் இந்தத் தீவில் மட்டுமே இருக்கிற சிறுத்தை உள்ளினம், வளர்ந்தவை 1000கூட இருக்காது என்றே கணிக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். அந்த வரைபடம் கொழும்பில் அறிக்கையாகக் கிடக்காமல் தொழிலாளர் காலையில் கூடுகிற தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்கு வரவேண்டும். வழி குறுகுகிற இடங்களில் முதலில் சுருக்குத் தேடட்டும், ஓடைக்காட்டை வெட்டுவதற்கு முன் அந்த வரைபடத்தை எடுத்துப் பார்க்கட்டும். வரைகிறவர்கள் கொழுந்தெடுக்கிற பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்கட்டும். எந்தக் கானுக் கரையில் தடம் விழும் என்று அம்மா இன்றைக்கும் கைகாட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை