மேட்டை வெட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரி அக்கா, சரி அக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், பண்டாரவளையில் பழைய வீட்டைத் திருத்தி விற்க நினைப்பவர்கள் நாம் மட்டும் இல்லை.

அட்டாச் பாத்ரூமோடு ஒரு பெரிய அறை இருந்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்கிறாய். அதில் எனக்கு மறுப்பில்லை. கொழும்பிலிருந்து வீடு பார்க்க வந்த ஒரு பெண்மணி முதலில் கேட்டதே, "ராத்திரிக் குளிரில் குசினியைத் தாண்டியா பாத்ரூம் போகவேண்டும்?" என்றுதான். தோட்டத்து லய வீட்டில் பிறந்து, வெளியே பீலியில் கொட்டுகிற தண்ணீரில் குளித்து வளர்ந்த அப்பாவுக்கு, வீட்டுக்குள் ஒரு குளியலறை இருந்ததே பெரிய காரியம். வாங்க வருகிறவர்களுக்கு அது போதாது.

என் சண்டை அறையோடு இல்லை, நீ அதைக் கட்டப்போகிற இடத்தோடு. பின்பக்க மேட்டை எட்டடி வெட்டினால் போதும் என்று மேசன் பாஸ் சொன்னதும் தலையாட்டிவிட்டாய். அந்த மேட்டடியில் ஒரு ஐப்பசி முழுக்க இருந்து எத்தனை வருஷமாகிறது? ஹட்டன் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். நமக்குப் பெரிய மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. சரிவின் அடியை வெட்டிவிட்டால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடி போய்விடும். தண்ணீர் இறங்க இறங்க அது கனத்து, இளகி வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நம் எட்டடியோடு சேர்த்துப் பேசுவது பெரிதுபடுத்துவதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு மழைச் சத்தத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

வெட்டியே தீரவேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு, உள்ளூராட்சிச் சபையின் அனுமதி, அதற்கு மேல் தாங்குசுவர், சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஒரு கான், எல்லாம் வேண்டும். சுவருக்குக் கொட்டுகிற காசை யாரும் விலையில் சேர்த்துத் தரப்போவதில்லை. "அனுமதி எடுக்காமலே கட்டலாம்" என்றாயே, வங்கிக் கடனில் வாங்குகிறவரின் சட்டத்தரணி அங்கீகரித்த கட்டடப் படத்தைக் கேட்டால் என்ன காட்டுவாய்?

இப்போது என் யோசனையைக் கேள். குசினிச் சுவரை ஒட்டி ஒன்றும் அதற்கு அடுத்து ஒன்றுமாக இரண்டு சின்ன அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 10க்கு 10. இரண்டையும் ஒன்றாக்கி, குசினிப் பக்கம் ஐந்தடியைப் பாத்ரூமுக்கு எடுத்தால், 15க்கு 10இல் நல்ல அறை மிஞ்சும். குழாய், கழிவுநீர்ப் பாதை எல்லாம் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடிச் சரிவு வேண்டும், அது அங்கே தாராளமாகக் கிடைக்கும். நாலு அறை மூன்றாகும், உண்மைதான். இருந்ததே மூன்றுதான், அது இரண்டாகும் என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

நடுச்சுவரை மட்டும் யாரும் சும்மா தட்டக்கூடாது. கூரைப் பாரம் அதில்தான் இறங்குகிறது. முதலில் முட்டுக் கொடுத்து, பீம் போட்ட பிறகுதான் உடைக்கவேண்டும். எஞ்சினியர் ஒருவர் வந்து பார்க்கட்டும். உள்ளே மாற்றுவதற்கு என்ன அனுமதி வேண்டுமென்று சபையில் நான் கேட்கிறேன். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, அதன் மேல் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உதிரும். முன் அறையில் அப்பா ஒரு தடவை பூசியதே, அந்த மூலையை இன்னும் காலண்டர் மாட்டித்தான் மறைத்து வைத்திருக்கிறேன்.

பாத்ரூமுக்கு வெளிச்சுவரில் ஒரு ஜன்னல் கட்டாயம். பனிமூட்ட நாட்களில் துவாய்கூடக் காயாத ஊர் இது, ஜன்னல் இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் பூஞ்சணம் பிடிக்கும். டைல்ஸ் பதிக்குமுன் தரையில் ஒரு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கச் சொல். சுடுதண்ணிக்குத் தனி வயர் இழுக்கவேண்டும், பழைய வயர் தாங்காது. டைல்ஸ் நிறத்தை உன் மனைவியே தெரிவு செய்யட்டும், அதில் நான் வாய் திறக்கமாட்டேன்.

பௌர்ணமிப் போயா லீவுக்கு வரும்போது அளவு நாடா கொண்டு வா. பாஸை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்கிறேன். அதற்குள் நாம் அளந்து முடித்துவிடுவோம். அப்புறம், அப்பாவின் பெரிய அலுமாரி அந்த இரண்டு அறைகளில் ஒன்றில்தான் இருக்கிறது. கதவு வழியாக அது வெளியே வராது, கழற்ற ஆளும் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அக்கா